வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ்

வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் (செப்டம்பர் 1, 1835 - ஆகஸ்ட் 13, 1882) இங்கிலாந்தைச் சேர்ந்த பொருளியலாளரும் தருக்கவியலாளரும் ஆவார். நிலக்கரி பற்றிய, பொய்த்துப்போன எதிர்வுகூறல் ஒன்றுக்காகவும் நினைவுகூரப்படுகிறார்.

வாழ்க்கை

லிவர்ப்பூலில் இரும்பு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1854 முதல் 1859 வரை சிட்னி நாணயச் சாலையில் உலோகத் தரம் சோதிப்பவராகப் பணியாற்றினார். பின்னர் மான்செஸ்டரிலும் லண்டனிலும் பேராசிரியராக இருந்தார். 46 வயதில் கடலில் மூழ்கி இறந்தார்.

நிலக்கரிச் சிக்கல்

1865 இல் வெளியான நிலக்கரிச் சிக்கல் என்னும் நூலே இவருக்குப் புகழ் தேடித்தந்தது. பிரித்தானியாவின் நிலக்கரி நுகர்வு ஆண்டுக்கு 3.5% வளர்வதாகக் கணக்கிட்ட ஜெவன்ஸ், அதே வேகம் நீடித்தால் 1961 இல் சுமார் 260 கோடி டன் தேவைப்படும் என்று காட்டினார். நிலக்கரி முற்றாகத் தீர்ந்துவிடும் என இவர் கூறியதாகச் சிலர் எழுதுவது சரியன்று. சுரங்கங்கள் ஆழமாகும்போது செலவு கூடும், அதனால் நாட்டின் தொழில் மேன்மை குன்றும் என்பதே இவரது வாதம். இந்நூல் எழுப்பிய அச்சத்தால் 1866 இல் அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது.

ஆனால் உற்பத்தி 1913 இல் ஏறத்தாழ 29 கோடி டன்னுடன் உச்சமடைந்து, பின் சரிந்தது. 1961 இல் அது 20 கோடியைக்கூட எட்டவில்லை. நிலக்கரிக்கு ஈடாகாது என இவர் ஒதுக்கிய பெட்ரோலியம் அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. காகிதத் தட்டுப்பாட்டுக்கும் அஞ்சி இவர் சேர்த்துவைத்த காகிதம், இறந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பிள்ளைகளிடம் தீராமல் இருந்ததாகக் கெயின்ஸ் பதிவு செய்துள்ளார்.

ஜெவன்ஸ் முரண்பாடு

நீராவி இயந்திரங்களின் திறன் உயர்ந்தால் நிலக்கரி மிச்சமாகாது. பயன்பாடு மலிந்து நுகர்வு மேலும் பெருகும் என்றும் அதே நூலில் வாதிட்டார். எதிர்வுகூறலைவிட இக்கருத்தே நிலைத்தது. ஆற்றல் சிக்கனம் உண்மையில் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்ற ஆய்வுகளில் இது இன்றும் விவாதிக்கப்படுகிறது.