தரணிக்கு விளையாட்டுத் தந்த தச்சர்

பாய்மரக் கப்பல் என்றவுடன் நம் மனக்கண்முன் நீலக்கடலும், காற்றில் புடைத்து நிற்கும் வெண்பாய்களும் தோன்றுகின்றன அல்லவா? அத்தகைய கப்பலைச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் செங்கற்களால் மேசைமீதே கட்டிவிடலாம் என்றால் வியப்பாக இருக்கும். ஆம்! ஷாக்கிள்டன் தென்துருவப் பயணத்திற்குக் கொண்டுசென்று, 1915-ஆம் ஆண்டு பனிக்கட்டிகளிடையே நொறுங்கி மூழ்கிய ‘எண்டூரன்ஸ்’ கப்பலை 3,011 துண்டுகளால் அமைக்கும் பெட்டியொன்றை 2024-ஆம் ஆண்டு லெகோ நிறுவனம் வெளியிட்டது. இதற்கெல்லாம் வித்திட்டவர் பெரும் செல்வந்தர் அல்லர். பட்டம் பெற்ற பொறியாளரும் அல்லர். உளியும் இழைப்புளியும் பிடித்த ஓர் எளிய தச்சர். அவரே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன்.

டென்மார்க் நாட்டில் ஃபில்ஸ்கோவ் என்னும் சிற்றூரில் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஓர் ஏழைக் குடும்பத்தில் பத்தாவது பிள்ளையாக அவர் பிறந்தார். தம் அண்ணனிடமே தச்சுத் தொழில் கற்றார். ஜெர்மனியிலும் நார்வேயிலும் வேலை செய்து பொருள் சேர்த்தார். 1916-இல் பில்லுண்டு என்னும் ஊரில் ஒரு தச்சுப் பட்டறையை வாங்கினார். அதே ஆண்டில் கிர்ஸ்டின் என்ற நங்கையை மணந்தார். நான்கு ஆண்மக்கள் பிறந்தனர். வீடுகளுக்குக் கதவும் சன்னலும், மேசையும் நாற்காலியும் செய்து குடும்பத்தைக் காத்து வந்தார்.

ஆனால் சோதனைகள் அவரை விட்டுவைக்கவில்லை. 1924-இல் அவருடைய சிறுபிள்ளைகள் அறியாமல் மூட்டிய தீ மரச்சீவல்களில் பற்றியது. பட்டறையும் வீடும் எரிந்து சாம்பலாயின. அவரோ சோர்ந்துவிடாமல் முன்னிலும் பெரிதாகக் கட்டினார். சில ஆண்டுகளில் உலகெங்கும் பொருளாதார மந்தம் வந்தது. உழவர்கள் கையில் பணமில்லை. புதுவீடு கட்டுவார் யாருமில்லை. 1932-இல் அன்பு மனைவியும் இறந்துபோனார். தாயற்ற நான்கு பிள்ளைகள், வேலையற்ற பட்டறை. அவர் என்ன செய்வார்?

லுத்தரன் சபையைச் சேர்ந்த அவர் ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். இறைவனை நம்பினார், கைத்தொழிலையும் கைவிடவில்லை. ஏணி, துணி தேய்க்கும் பலகை முதலிய வீட்டுப் பொருள்களோடு மரப் பொம்மைகளும் செய்யத் தொடங்கினார். பசித்த வீட்டில் பொம்மை வாங்குவார் யார் என்று சுற்றத்தார் எண்ணினர். அவரோ குழந்தைகளின் விளையாட்டும் மதிப்புள்ள தொழிலே என்று உறுதியாக நின்றார். 1934-இல் தம் பொம்மைகளுக்கு ‘லெகோ’ எனப் பெயரிட்டார். நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முதற்பகுதிகள் சேர்ந்தே இப்பெயர் உண்டாயிற்று.

அவரது வாழ்வில் நாம் மறக்கக்கூடாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவருடைய மகன் காட்ஃபிரெட் பட்டறையில் உதவி செய்து வந்தான். மர வாத்துகளுக்கு மூன்று முறை மெருகெண்ணெய் பூசுவது வழக்கம். ஒருநாள் அவன் இரண்டு பூச்சோடு நிறுத்தி, பெட்டியில் அடைத்து, இரயில் நிலையத்தில் சேர்த்துவிட்டு வந்தான். தந்தைக்குப் பணம் மிச்சப்படுத்தியதாக மகிழ்ந்து சொன்னான். தந்தை பாராட்டவில்லை. உடனே சென்று பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாம் பூச்சைத் தானே பூசி, இரவெல்லாம் ஆனாலும் முடித்துவிட்டு மீண்டும் நிலையத்தில் சேர்க்கும்படி கட்டளையிட்டார். வாங்கும் குழந்தைக்கு அந்தப் பூச்சுக் குறைவு தெரிந்திராது. ஆயினும் செய்தவனுக்குத் தெரியுமே!

1942-இல் மறுபடியும் தீ! தொழிற்சாலை எரிந்தது, மாதிரிகளும் வரைபடங்களும் அழிந்தன. அவரை நம்பியிருந்த தொழிலாளர்களுக்காக மீண்டும் எழுந்தார். போர் முடிந்ததும், வீட்டாரின் தயக்கத்தையும் பொருட்படுத்தாமல், பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் ஒன்றைப் பெருந்தொகை கொடுத்து வாங்கினார். ஹிலரி பேஜ் என்ற ஆங்கிலேயர் முன்பே செய்திருந்த கட்டைகளைப் பின்பற்றி, 1949-இல் பிளாஸ்டிக் செங்கற்கள் செய்தார். அவற்றின் மேற்புறம் குமிழ்கள் இருந்தன; உட்புறமோ வெற்றிடம். ஆகவே அவை ஒன்றையொன்று உறுதியாகப் பற்றவில்லை. இக்குறையைத் தீர்த்தவர், அன்று இரண்டு பூச்சோடு நிறுத்திய அதே காட்ஃபிரெட்! செங்கல்லின் உள்ளே சிறு குழாய்களை வைத்து, குமிழ்களை அவை இறுகப் பிடிக்கும்படி செய்தார். 1958 ஜனவரி 28-ஆம் நாள் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதன்பின் 42 நாட்களே சென்றன. மார்ச் 11-ஆம் நாள் ஓலே கிர்க் தம் 66-ஆம் வயதில் கண்மூடினார்.

அந்தச் சிறு குழாயின் பெருமையைக் கப்பல் கட்டிப் பார்த்தால்தான் உணரலாம். தோழியர் சிலர் கூடி நாங்களும் கட்டினோம். செங்கற்களோ நேர்க்கோடு, கப்பலின் உடலோ வளைவு. முதலில் நீண்ட அடிமரம். பிறகு ஒவ்வொரு வரிசையையும் ஒரு குமிழ் அளவு வெளியே தள்ளி வைத்தால் வயிறு அகன்று வருகிறது. முன்முகத்தில் உள்ளே ஒடுக்கிச் சாய்வுக் கட்டைகள் வைத்தால் கூர்மை கிடைக்கிறது. கொத்தனார் சுவர் எழுப்புவதுபோல, கீழ்வரிசை இணைப்பின்மேல் மேல்வரிசைக் கல்லின் நடுப்பகுதி வரவேண்டும். பாய்மரம் மேல்தளத்தில் மட்டும் நின்றால் போதாது. தளத்தைத் துளைத்து அடிமரம் வரை இறங்கி ஊன்ற வேண்டும். அப்போதுதான் இருபுறமும் நூலை இழுத்துக் கட்டும்போது சாயாது. வெளியே யாரும் காணாத அடிப்பகுதியே வெளியே காணும் அழகையெல்லாம் தாங்குகிறது!

எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறச் செங்கற்கள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணித வல்லுநர் கண்டுள்ளனர். 1958-இல் செய்த செங்கல்லும் இன்று செய்யும் செங்கல்லோடு பொருந்துகிறது. மூன்றாம் பூச்சைக் கேட்ட தந்தையின் கண்டிப்பு, செங்கல்லின் நுட்பத்தில் வாழ்கிறது எனலாம்.

அன்புத் தோழிகளே! நம் புனித சூசையப்பரும் தச்சர்தாம். அவருடைய பட்டறையில் நடந்த வேலையை உலகம் காணவில்லை, இறைவன் கண்டார். நமது வீட்டுப்பாடமாயினும், தையலாயினும், அடுக்களை வேலையாயினும், யாரும் பார்க்காத மூன்றாம் பூச்சையும் முகமலர்ச்சியோடு பூசிப் பழகுவோமாக!