சிறை வாசலுக்கு வெளியே ஒரு நண்பர்

நம் வல்லம் பக்கத்து ஊர்களில் ஒரு பையன் திருட்டு வழக்கில் சிக்கி, பிறகு வீடு திரும்பினால் என்ன நடக்கிறது? கூட விளையாடியவர்களை அவர்களுடைய தாய்மார் உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அவன் கோவிலுக்கு வந்தால் உண்டியல் பக்கம் நம் கண் போகிறது. சட்டமோ அவனை நம்மிடமே ஒப்படைக்கப் பார்க்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இளைஞர் நீதிக் குழுமம் அவனை நன்னடத்தையின் பேரில் விடுவித்து, மூன்று ஆண்டுகள் வரை பெற்றோர் அல்லது தகுதியுள்ள ஒருவரின் பொறுப்பில் விடலாம். அந்த ஒருவர் பிணைப்பத்திரம் எழுதித் தரவேண்டும்.

இப்படிப் பொறுப்பேற்றவர்களுள் ஒருவர் புனித தொன் போஸ்கோ. 1815-இல் இத்தாலியின் பெக்கி என்ற சிற்றூரில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா வயலில் உழைத்து வளர்த்தார். 1841-இல் குருவானார். தூரின் நகரில் அருள்தந்தை கஃபாசோ அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரையிலான பையன்கள், நல்ல உடற்கட்டும் அறிவும் உள்ளவர்கள், வேலையின்றிப் பூச்சி அரிக்கக் கிடந்தார்கள். விடுதலையானவர்களில் பலர் மறுபடியும் உள்ளே வந்தார்கள். வெளியே அவர்களைக் கேட்பார் யாரும் இல்லை என்பதே காரணம் என்று அவர் கண்டுகொண்டார்.

ஆகவே அவர் வெளியே காத்திருந்தார். ஞாயிறுகளில் விளையாட்டு, மறைக்கல்வி, திருப்பலி. இது நமக்குத் தெரிந்த கதை. வார நாட்களில் அவர் செய்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. பையன்கள் கல் சுமக்கும் கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் போய், முதலாளியிடமும் பையனிடமும் விசாரிப்பார். இன்று நன்னடத்தை அலுவலர் செய்யவேண்டிய வேலை அது. ஒருவரிடமே ஏராளமான வழக்குகள் குவிந்தால் அவரால்தான் எத்தனை வீட்டுப் படி ஏற முடியும்?

1855-இல் ஜெனராலா சீர்திருத்தப் பள்ளியின் முந்நூறு சிறுவரைக் காவலரின்றி ஸ்துப்பினிஜிக்கு உலா அழைத்துச் சென்றதாகவும், மாலையில் ஒருவர் குறையாமல் திரும்பியதாகவும் சலேசிய மரபு சொல்கிறது. எங்களுக்கோ அதைவிட ஒரு காகிதம் பெரிதாகத் தெரிகிறது. 1852-இல் தச்சுவேலை கற்க ஒரு பையனைச் சேர்த்தபோது எழுதிய ஒப்பந்தம் அது. தச்சர் அவனை வாயால் மட்டுமே கண்டிக்கலாம், அடிக்கக்கூடாது. தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக்கூடாது. ஞாயிறும் திருநாளும் அவனுக்கே உரியவை. அதில் தச்சரும் பையனும் அவனுடைய தகப்பனும் கையெழுத்திட்டார்கள். கூடவே தொன் போஸ்கோவும்.