அறுபது வயதில் ஒரு புது மொழி: எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். பத்து வருஷம் பைத்தான் 2-ல் புரோகிராம் எழுதின ஒருத்தர் பைத்தான் 3-க்கு மாறும்போது என்ன ஆகும்? 2008 டிசம்பர்ல பைத்தான் 3 வந்தது. பழைய வெர்ஷனுக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் நின்றது. நடுவுல பதினோரு வருஷம் இருந்தும் கடைசி நாள் வரைக்கும் மாறாத குழுக்கள் எத்தனையோ. ஆங்குலர் கதையும் அதேதான். 2016-ல் பேரை மட்டும் வச்சுக்கிட்டு உள்ளே முழுசா மாத்தி எழுதிட்டாங்க. புதுசா படிக்கிற நமக்கு அது இன்னொரு பாடம், அவ்வளவுதான். ஏற்கெனவே கைதேர்ந்தவருக்குத்தான் கஷ்டம். கை ஒரு பக்கம் இழுக்கும், புத்தகம் இன்னொரு பக்கம் இழுக்கும்.

இந்தக் கஷ்டத்தை நூற்றி இருபது வருஷத்துக்கு முன்னாடியே முழுசா அனுபவித்த ஒருவர் நம்ம கரிசல் காட்டுல இருந்தார். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறினால், இரண்டு பக்கமும் பருத்தியும் மிளகாயும் கம்பும் பார்த்துக்கிட்டே அரை மணி நேரத்துல எட்டயபுரம் வந்துடும். பாரதி பிறந்த ஊர்னு உங்களுக்குத் தெரியும். அதே ஊர்ல அரண்மனை வித்வானாக இருந்த சுப்பராம தீட்சிதரைத்தான் சொல்றேன். கர்நாடக சங்கீதம் தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம், எனக்கும் கேள்வி ஞானம்தான்.

குடும்பத்துலயே இருந்த பழக்கம்

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்தில் காலமானார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்வான். இந்த பாலுசுவாமி செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்க. சென்னையில் இருந்த காலத்தில் ஐரோப்பிய இசைக்காரர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். பிறகு அந்த வாத்தியத்தை நம்ம ராகங்களுக்கு ஏற்ற மாதிரி வாசிக்கப் பழகினார். வயலின் இல்லாத கச்சேரியை இன்னைக்கு யோசிச்சுப் பார்க்க முடியாது. அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டு வந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். அண்ணன் முத்துசுவாமியும் சும்மா இருக்கவில்லை. கோட்டையில் கேட்ட பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவற்றை நோட்டுஸ்வரம் என்று இன்னைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன்தான் சுப்பராமர். 1839-ல் திருவாரூரில் பிறந்தார். தாத்தாவே அவரைத் தத்தெடுத்து எட்டயபுரத்துக்குக் கூட்டி வந்தார். பாட்டு, வீணை, தெலுங்கு, சமஸ்கிருதம் எல்லாம் இங்கேதான் படித்தார். தமிழ் ஊரில் தெலுங்கு எதுக்குன்னு கேட்கலாம். எட்டயபுரம் ஜமீன் குடும்பம் தெலுங்கு பேசும் குடும்பம், அந்தக் காலத்து சபைச் சங்கீதமும் பெரும்பாலும் தெலுங்கில்தான் நடந்தது.

பதினேழு வயசுல தர்பார் ராகத்தில் ஒரு வர்ணம் அமைத்து ராஜா முன்னால் பாடினார். இவ்வளவு சின்னப் பையன் செய்திருப்பானா, தாத்தா உதவி இருக்கும் என்று ராஜாவுக்குச் சந்தேகம் வந்ததாகவும், வேறொரு ராகத்தைக் கொடுத்துப் புதிதாக அமைக்கச் சொன்னதாகவும், அதையும் பையன் முடித்துக் காட்டியதாகவும் சொல்வார்கள். நேர்முகத் தேர்வில் உங்க பிராஜெக்டை நம்பாமல் புதுக் கேள்வி கொடுத்து முன்னாடியே கோடு எழுதச் சொல்ற மாதிரிதான். அதற்குப் பிறகு அரண்மனை வித்வான் பதவி. வர்ணம், கீர்த்தனை, ராகமாலிகை என்று வாழ்நாள் முழுக்க ஊறிய வேலை.

அவர் கையில் இருந்தது

அவரிடம் இருந்த சொத்து என்னன்னு பார்த்தால்தான் அடுத்து நடந்ததன் கனம் புரியும். முத்துசுவாமி தீட்சிதரின் நூற்றுக்கணக்கான கிருதிகள், பதினேழாம் நூற்றாண்டு வேங்கடமகியின் வழியில் வந்த கீதங்கள், எழுபத்திரண்டு மேள ராகங்களின் பழைய இலக்கணம். கொஞ்சம் ஏட்டிலும் தாளிலும், மிச்சமெல்லாம் குரலிலும் விரலிலும். பேக்கப் கிடையாது. அவரும் சில சீடர்களும் போய்விட்டால் அந்தப் பாடங்களில் பெரும்பகுதி அவர்களோடு போய்விடும்.

அந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஒருவர் வருகிறார். பேர் ஏ. எம். சின்னசாமி முதலியார். எம்.ஏ. படித்த தமிழ்க் கிறிஸ்தவர், அரசு அலுவலகத்தில் வேலை. மேல்நாட்டு இசையில் நல்ல பயிற்சி உள்ளவர். நம்ம பாடல்களை ஐரோப்பிய முறையில், அதாவது ஐந்து கோடு போட்டு அதில் புள்ளி வைக்கும் முறையில், எழுதி அச்சிடுவதை 1890-களில் ஆரம்பித்திருந்தார். தியாகராஜர் பாடல்களைச் சேகரித்தவர், தீட்சிதர் பாடல்களுக்காக சுப்பராமரைத் தேடி வந்தார்.

சுப்பராமர் முதலில் தயங்கினார். இதை கர்வம்னு சட்டுனு முடிவு கட்டாதீங்க. தயக்கத்துக்கு நியாயமான ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. தோடி ராகத்தை எடுத்துக்குங்க. அதில் வரும் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது. மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுக்குத்தான் கமகம்னு பேர். அதை ஒரு புள்ளியாக எழுதிக் கொடுத்து அப்படியே வாசிக்கச் சொன்னால், ஸ்வரம் சரியாக இருக்கும், தோடி இருக்காது. ஸ ரி க ம என்று வெறும் எழுத்தாக எழுதினாலும் இதே கதைதான். தெரிந்தவருக்கு அது ஞாபகக் குறிப்பு. தெரியாதவர் அதை வைத்துப் பாட முடியாது. கமென்ட் இல்லாத கோடு மாதிரி, எழுதினவருக்கு மட்டும் புரியும்.

இருந்தாலும் முதலியாரோடு உட்கார்ந்தார். சென்னைக்குப் போய்ப் பாடிக் காட்டினார், முதலியார் எழுதிக்கொண்டார். ஆனால் அந்த உழைப்பில் முதலியாரின் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. தன்னால் முடிக்க முடியாது என்று தெரிந்த பிறகு, 1899-ல் எட்டயபுரம் வந்தார். புது ராஜா பட்டம் ஏற்ற சமயம் அது. இந்தச் சங்கீதம் முழுவதும் அச்சில் வர வேண்டும், அதை சுப்பராமரே எழுத வேண்டும் என்று ராஜாவிடம் வேண்டிக்கொண்டார். ராஜா சம்மதித்தார், செலவை ஜமீன் ஏற்றது.

அப்போது சுப்பராமருக்கு வயசு அறுபது.

புது மொழியை அவர் கற்ற விதம்

இங்கேதான் நீங்க கொஞ்சம் நின்னு பார்க்கணும். அறுபது வயசு வித்வானுக்கு பாடத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் தான் பாடும்போது விரலும் தொண்டையும் என்ன செய்கின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து, பேர் வைத்து, குறி போட்டு எழுத வேண்டும். பழகினவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். சைக்கிள் ஓட்டுற எல்லாருக்கும் எப்படி விழாமல் இருக்கிறோம்னு எழுதத் தெரியாது இல்லையா?

முதலியாரின் முறையிலிருந்து, எல்லாவற்றையும் துல்லியமாகக் குறிக்க வேண்டும் என்ற ஒழுங்கை அவர் எடுத்துக்கொண்டார். ஐந்து கோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. நம்ம ஸ ரி க ம எழுத்துகளை அப்படியே வைத்து, அவற்றோடு கமகக் குறிகளைச் சேர்த்தார். கம்பிதத்துக்கு நெளியும் அலைக்கோடு. கீழிருந்து மேலே வழுக்கிப் போகும் ஏற்ற ஜாருவுக்கு ஏறுமுகமான சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்குமுகமான சாய்கோடு. தந்தியை ஒதுக்கிப் பிடித்து மேல் ஸ்வரத்தை வரவழைக்கும் ஒதுக்கலுக்குப் பெருக்கல் குறி. நொக்கு, ரவை, ஒரிகை, கண்டிப்பு என்று இன்னும் பல. பேர்களைப் பாருங்க, பல வீணைக்காரர்கள் புழங்கிய சொற்கள். நூல் தெலுங்கில், ஒழுங்கு மேற்கிலிருந்து, குறிகளின் பேர் வீணைக் கட்டையிலிருந்து.

குறியை மட்டும் போட்டுவிட்டு அவர் நகரவில்லை. ஒவ்வொரு கமகத்தையும் வீணையில் எப்படி வாசிக்க வேண்டும் என்று நூலின் முன்பகுதியில் விளக்கம் எழுதினார். டாகுமென்டேஷன் இல்லாத சிம்பல் யாருக்கும் உதவாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். எழுபத்திரண்டு மேளங்களுக்கு இரண்டு விதமான பட்டியல் உண்டு. இன்னைக்கு எல்லாரும் படிப்பது கனகாங்கி, ரத்னாங்கி என்று தொடங்கும் பட்டியல். தீட்சிதர் வழியில் கனகாம்பரி, பேனத்யுதி என்று தொடங்கும். தன் நூலை சுப்பராமர் இந்த இரண்டாவது வரிசைப்படியே கட்டினார். தீட்சிதர் கிருதிகள் அந்த அமைப்பை நம்பி எழுதப்பட்டவை. எழுதும் முறையை மாற்றிக்கொண்டவர், அடிப்படை அமைப்பை மாற்ற மறுத்தார். எதை அப்டேட் செய்வது, எதைத் தொடக்கூடாது என்று அனுபவஸ்தருக்குத்தான் தெரியும். புதுசா வந்தவர் எல்லாத்தையும் மாற்றியிருப்பார், பயந்தவர் எதையும் மாற்றியிருக்க மாட்டார்.

அச்சகம் கரிசல் மண்ணில்

இவ்வளவு குறிகளோடு தெலுங்கு எழுத்தை அச்சுக் கோப்பது சாதாரண வேலை இல்லை. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலம். எட்டயபுரத்திலேயே இருந்த வித்யா விலாசினி அச்சகத்தில் வேலை நடந்தது. 1904-ல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளிவந்தது. சுமார் 1,700 பக்கங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் இருநூறுக்கு மேல். அதோடு ராக இலக்கணங்கள், கீதங்கள், பழைய வித்வான்களின் வாழ்க்கைக் குறிப்புகள். அதே 1904-ல்தான் எட்டயபுரத்து இளைஞர் பாரதி வேலை தேடி வெளியூர் போனார்.

இதையெல்லாம் தொடங்கி வைத்த சின்னசாமி முதலியார், அச்சான நூலைப் பார்க்க உயிரோடு இல்லை.

அறுபத்தைந்து வயசுல இவ்வளவு பெரிய வேலை முடிந்ததும் நீங்களோ நானோ என்ன செய்வோம்? காலை நீட்டிப் படுப்போம். அவர் அடுத்த வருஷமே ஆரம்பப் பாடம் படிக்கிறவர்களுக்காக ஒரு புத்தகம் வெளியிட்டார். 1906-ல் காலமானார். அவர் மறைவுக்கு பாரதி ஒரு இரங்கல் பாடல் எழுதினார்.

குறை இல்லையா?

இருக்கு. எவ்வளவு குறி போட்டாலும் குரல் முழுசாகத் தாளில் வராது. சில பாடல்கள் நூலில் ஒரு விதமாகவும் மேடையில் வேறு விதமாகவும் இருக்கின்றன, எது சரி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்தச் சண்டை நடக்கிறதே, ஒப்பிட்டுப் பார்க்க எழுத்து இருப்பதால்தான். சென்னை மியூசிக் அகாதெமி பின்னாளில் அதைத் தமிழிலும் பல தொகுதிகளாகக் கொண்டு வந்தது. அவருடைய மகன் அம்பி தீட்சிதர் வழியாகப் பாடமும் தொடர்ந்தது. எழுத்தும் குரலும் சேர்ந்துதான் அந்தப் பாடல்களைக் காப்பாற்றின.

நமக்கு இதுல ரெண்டு வேலை இருக்கு. ஒன்று, இன்டர்ன்ஷிப் போற இடத்துல புது ஃபிரேம்வொர்க்குக்கு மாறத் தயங்குற சீனியரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. அவர் தயக்கத்துக்குள்ள, புது முறையில் விட்டுப்போகிற ஏதோ ஒரு கமகம் இருக்கலாம். என்னன்னு கேளுங்க, கேட்டு எழுதி வைங்க. முதலியார் செய்ததும் அதுதான். ரெண்டாவது, நாமளும் ஒருநாள் சீனியர் ஆவோம். நமக்குக் கைவந்த மொழி பழசாகும். அன்னைக்குப் புது மொழியின் முதல் பாடத்தைத் திறந்து, தெரிஞ்சதையெல்லாம் தெரியாதவன் மாதிரி ஒவ்வொன்றாக எழுத உட்காரணும். எரிச்சலாத்தான் இருக்கும்.

அடுத்த லீவுல கோவில்பட்டி பக்கம் போனீங்கன்னா கடலைமிட்டாய் மட்டும் வாங்கிட்டுத் திரும்பிடாதீங்க. எட்டயபுரம் பஸ் ஏறுங்க. பாரதி வீட்டைப் பார்த்துட்டு, முத்துசுவாமி தீட்சிதர் நினைவிடத்துக்கும் போங்க. போற வழியில காதுல அவர் கிருதி ஒன்றைப் போட்டுக்குங்க. இந்த ஊர்ல உட்கார்ந்துதான் சுப்பராமர் அதையெல்லாம் குறி குறியாக எழுதினார்.