பினாங்கு தந்த பிளேக் டாக்டர்

பினாங்கு சூலியா ஸ்திரீட் நம்மில் பலருக்குத் தெரிந்த தெரு. தமிழ் முஸ்லிம் வணிகர்களால் பேர் வாங்கிய தெரு அது. 1904இல் அங்கே ஒரு சீன இளைஞர் கிளினிக் திறந்தார். பெயர் டாக்டர் வூ லியன் தே.

1879இல் பினாங்கில் பிறந்தவர். அப்பா சீனாவிலிருந்து வந்த நகைத் தொழிலாளி. பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கி, கேம்பிரிட்ஜ் போய் டாக்டராகத் திரும்பினார். ஆனா பாருங்க, இங்கே அரசாங்கத்தில் பெரிய டாக்டர் பதவியெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குத்தான். அதனால்தான் சொந்த கிளினிக்.

அந்தக் காலத்தில் அபினி சட்டப்படி விற்ற சரக்கு. அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும் பங்கு அதிலிருந்துதான் வந்தது. வூ அதை எதிர்த்துச் சங்கம் நடத்தினார், 1906இல் ஈப்போவில் மாநாடு கூட்டினார். வருமானத்தில் கை வைத்தால் சும்மா விடுவார்களா? கிளினிக்கில் சோதனை போட்டார்கள். மருந்துக்காக வைத்திருந்த ஒரு அவுன்ஸ் அபினிக் கரைசல் அகப்பட்டது. அபினியை எதிர்த்தவருக்கே அபினி வைத்திருந்ததாக அபராதம்! மேல்முறையீடும் தோற்றது. அந்த நேரம் பார்த்து சீனாவிலிருந்து அழைப்பு வர, தியென்ட்சின் ராணுவ மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டார்.

1910 டிசம்பர். மஞ்சூரியாவின் ஹார்பின் நகரத்தில் ஜனங்கள் இருமி, ரத்தம் துப்பி, சில நாளில் செத்துக்கொண்டிருந்தார்கள். வூவை அனுப்பினார்கள். வயது 31. இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தார். பிளேக் கிருமி இருந்தது. பிளேக் என்றால் எலி, எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி, இதுதான் அன்றைய மருத்துவ உலகின் முடிவு. ஆனால் ஹார்பினில் பிடித்துச் சோதித்த எலிகளில் அந்தக் கிருமி இல்லை. நோயாளிகளுக்கு நெரிகட்டவும் இல்லை, நுரையீரல்தான் கெட்டிருந்தது. அப்படியானால் இது மனிதன் இருமும்போது மூச்சுவழி தொற்றுவது என்று முடிவு செய்தார். பஞ்சை நடுவில் வைத்து மடித்த துணிக் கவசத்தை டாக்டர், தாதி, பிணம் தூக்குபவர் எல்லாரும் கட்டச் சொன்னார்.

அனுபவசாலியான பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. வூவை இனத்தைச் சொல்லி அவமானப்படுத்தினார். கவசம் கட்டாமலே நோயாளிகளைப் பரிசோதித்தார். 1911 ஜனவரி 11ஆம் தேதி அதே நோயில் இறந்தார். பாவம், கெட்டவர் இல்லை. தன் பழைய அனுபவத்தை மட்டும் நம்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஹார்பினில் எல்லாரும் கவசம் தேடி ஓடினார்கள்.

இன்னொரு சிக்கல் மிச்சம். உறைந்த மண்ணில் குழி தோண்ட முடியாமல் சுமார் 2,000 பிணங்கள் வெளியே கிடந்தன. நமக்குத் தகனம் பழகிய சடங்கு. சீனர்களுக்கோ மூதாதையர் உடலை எரிப்பது பெரும்பாவம். வூவும் சீனர்தானே, அந்த வலி அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் போய்க் காட்டினார். அரசவைக்கு மனுப் போட்டு அனுமதி வாங்கினார். சீனப் புத்தாண்டை ஒட்டி, ஜனவரி கடைசியில், தீ வைத்தார்கள். ரயில் போக்குவரத்தை அடக்கியது, காலி சரக்குப் பெட்டிகளில் ஆட்களைத் தனிமைப்படுத்தியது எல்லாம் சேர்ந்து வேலை செய்தது. மார்ச் 1க்குப் பிறகு ஹார்பினில் புதிய நோயாளி இல்லை. அதற்குள் மஞ்சூரியா முழுக்க சுமார் 60,000 பேர் போய்விட்டார்கள்.

ஏப்ரலில் முக்டென் நகரில் 11 நாட்டு நிபுணர்கள் கூடினார்கள். தலைமை வகித்தது நம்ம பினாங்குக்காரர். 1935இல் நோபல் பரிசுக்கும் பெயர் போனது, கிடைக்கவில்லை.

1937இல் ஜப்பான் படையெடுக்க, மலாயா திரும்பினார். ஈப்போவில் சாதாரண கிளினிக் வைத்து வைத்தியம் பார்த்தார். நூலகம் கட்ட நன்கொடை திரட்டினார். 1959இல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டார். மறு வருஷம் ஜனவரி 21ஆம் தேதி காலமானார். வயது 80.