வெல்வெட் கோட்டு தைத்த அன்னை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் பழமொழி. ஆடையைக் கொண்டு ஆளை எடைபோடும் வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு கதைப் புத்தகம் சிறுவர்களின் உடையையே மாற்றிவிட்டது. அப்புத்தகத்தை எழுதியவர் பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் அம்மையார்.

இவர் 1849-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் இரும்புச் சாமான் வணிகர். பிரான்சிஸுக்கு நான்கு வயது நிறையுமுன்பே அவர் காலமானார். தாயார் எலைசா தாமே கடையை நடத்தி ஐந்து குழந்தைகளையும் வளர்த்தார். மான்செஸ்டர் ஆலைகள் அமெரிக்கப் பருத்தியை நம்பி இயங்கியவை. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் பருத்தி வரவு நின்றது. ஆலைகள் மூடப்பட்டன; தொழிலாளர் பட்டினி கிடந்தனர்; கடைகளில் வாங்குவோர் இல்லை. எலைசாவும் கடையை விற்க நேர்ந்தது.

1865-இல் அக்குடும்பம் கப்பலேறி அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்குச் சென்றது. அங்கே தாய்மாமன் இருந்தார். ஆயினும் எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை. மரக்கட்டைகளால் கட்டிய வீட்டில் வறுமையோடு வாழ்ந்தார்கள். கதை எழுதிச் சம்பாதிக்கலாம் என்று பிரான்சிஸ் எண்ணினார். தாள் வாங்கவும் தபால்தலை வாங்கவும் கையில் காசில்லை. காட்டுத் திராட்சைகளைப் பறித்து விற்று அந்தக் காசைச் சேர்த்தார். 1868-இல், அவருக்குப் பதினெட்டு வயதாயிருந்தபோது, ஒரு மாத இதழில் அவருடைய முதல் கதைகள் வெளிவந்தன. 1870-இல் தாயாரும் மறைந்தார். அதன்பின் குடும்பத்தைத் தாங்கியது அவருடைய பேனாதான்.

1873-இல் சுவான் பர்னெட் என்னும் மருத்துவரை மணந்தார். மூத்த மகன் லயனல் 1874-இலும், இளைய மகன் விவியன் 1876-இலும் பிறந்தனர். கணவர் மேற்படிப்புப் படித்த காலத்தில் குடும்பம் பாரிஸ் நகரில் வசித்தது. பணமுடை மிகுந்த நாள்கள் அவை. எனவே அம்மையார் பிள்ளைகளின் உடைகளைத் தாமே தைத்தார். வாஷிங்டனில் குடியேறி வசதி வந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. வெல்வெட் துணியில் உடை தைத்து, லேஸ் காலர் வைத்து, பிள்ளைகளின் தலைமுடியை நீளமாக வளர்த்துச் சுருள் சுருளாக விட்டு அழகு பார்த்தார்.

அந்த உடையையே தம் கதையின் தலைவனுக்கும் அணிவித்தார். ‘சின்னப் பிரபு பான்டில்ராய்’ என்னும் அக்கதை 1885 நவம்பர் முதல் ஒரு சிறுவர் மாத இதழில் தொடராக வந்து, 1886-இல் நூலாயிற்று. நியூயார்க்கில் எளிய வீட்டில் தாயோடு வாழும் செட்ரிக் என்னும் சிறுவன் இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் வாரிசாகிறான். கடின நெஞ்சரான பாட்டனாரைத் தன் அன்பால் மாற்றுகிறான். கதைக்குப் படம் வரைந்த ரெஜினால்டு பர்ச், வெல்வெட் உடை அணிந்த விவியனின் புகைப்படத்தைப் பார்த்துச் செட்ரிக்கை வரைந்தார்.

படத்தைக் கண்ட அமெரிக்கத் தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்கும் அதே உடை வேண்டுமென்று விரும்பினர். அதன் அமைப்பு இது: கோட்டு கறுப்பு வெல்வெட்டால் ஆனது, இடுப்பளவே நீளமுள்ளது. கழுத்தருகே மட்டும் மூடி, கீழே இருபுறமும் விலகி நிற்கும். அந்த இடைவெளியில் உள்ளே அணிந்த வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் தெரியும். சட்டையின் அகன்ற லேஸ் காலர் கோட்டின் தோள்மேல் படர்ந்திருக்கும். கைப்பட்டிகளும் லேஸ் வைத்தவை. அவை கோட்டின் கைமேல் மடிக்கப்படும். இடையில் பட்டுக் கச்சு, முழங்காலளவு கால்சட்டை, நீண்ட காலுறை ஆகியவையும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டுப் பிரபுக்களின் ஓவியங்களை நினைவூட்டும் கோலம் அது.

தையல் வகுப்பில் வெல்வெட்டைத் தொட்டவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டாவிட்டால் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கும். மேலே இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் பூம்பரப்பு நசுங்கிவிடும். அதை அணிந்த பிள்ளைக்கோ இன்னும் பெரிய தொல்லை. மரம் ஏற முடியாது. மண்ணில் புரள முடியாது. தெருப் பிள்ளைகளின் கேலி வேறு. தாய்மார் விரும்பிய அந்த உடையைப் பல சிறுவர்கள் வெறுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபின் அவ்வுடை மெல்ல மறைந்தது. மார்பிலும் முதுகிலும் நெடுக்கு மடிப்புகளும் இடுப்பில் வாரும் உடைய உறுதியான நார்போக் கோட்டு பள்ளிச் சிறுவர்களிடையே பரவியது.

புகழும் செல்வமும் வந்த வேளையில் அம்மையாருக்குப் பேரிடி விழுந்தது. லயனலை எலும்புருக்கி நோய் பற்றியது. நோயின் கடுமையை மகனிடம் மறைத்து, சிரித்த முகத்தோடு ஐரோப்பாவின் பல ஊர்களுக்கு அழைத்துச் சென்று மருத்துவம் பார்த்தார். பயனில்லை. 1890 டிசம்பரில் பாரிஸ் நகரில், பதினாறு வயதில் லயனல் இறந்தான். செல்வம் ஈட்டித் தந்த கதையால் மகனின் உயிரை மீட்க முடியவில்லை. துயரில் மூழ்கிய தாய், 1892-இல் லண்டன் ட்ரூரி லேன் பகுதிச் சிறுவர்களுக்காக ஒரு மன்றம் அமைப்பதில் ஈடுபட்டார். தம் பிள்ளைக்குச் செய்ய இயலாததைப் பிறர் பிள்ளைகளுக்குச் செய்தார்.

1911-இல் அவர் எழுதிய ‘இரகசியத் தோட்டம்’ இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. படுக்கையிலேயே கிடந்த காலின் என்னும் சிறுவன், தோட்டத்து மண்ணிலும் காற்றிலும் நலம்பெற்று எழுந்து நடக்கிறான். அதைப் படிக்கையில் லயனலின் நினைவு நமக்கு வராமற் போகாது. அந்தத் தோட்டத்தின் வேலைக்கு வெல்வெட்டும் வேண்டாம், லேஸும் வேண்டாம். மண்வெட்டியும் விதையும் இருக்கின்றன. 1924-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் அம்மையார் இயற்கை எய்தினார்.

விவியனைப் பற்றியும் சொல்லவேண்டும். வளர்ந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின்னும், பத்திரிகைத் துறையில் பணிபுரிந்தபோதும், உலகம் அவரை வெல்வெட் கோட்டுப் பையனாகவே பார்த்தது. 1937 ஜூலையில் லாங் ஐலண்டு கடற்பகுதியில் அவர் படகில் சென்றுகொண்டிருந்தார். அருகே ஒரு படகு கவிழக் கண்டு விரைந்து சென்றார். அதிலிருந்த நால்வரையும் காப்பாற்ற உதவினார். உடனே மாரடைப்பால் தாமே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 61.

தாய்மார் ஆயிரமாயிரமாய்ப் பார்த்துத் தைத்தது செட்ரிக்கின் கோட்டை. அவனுடைய அன்புள்ளத்துக்கு எந்தக் கடையிலும் துணி இல்லை. அதை விவியன் கடலில் காட்டிச் சென்றார். இறைவன் மனிதரின் உள்ளத்தை நோக்குகிறார் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். தோழியரே, திருநாளுக்குப் புத்தாடை எடுக்கும்போது இந்தத் தாயையும் மகனையும் சற்றே நினைத்துக்கொள்வோம்.