அஜாதசத்துருவும் வஜ்ஜி நாடும்

மகத மன்னன் அஜாதசத்துரு, தந்தை பிம்பிசாரனைச் சிறையிலிட்டுப் பட்டினியால் மாளச்செய்து அரியணை ஏறியவன். கி.மு. 5ஆம் நூற்றாண்டளவில் இராஜகிருகத்திலிருந்து ஆண்ட அவனுக்கு, கங்கையின் வடகரையிலிருந்த வஜ்ஜி நாடு கண்ணில் உறுத்தும் முள்ளாயிற்று. அங்கே முடிமன்னன் இல்லை. லிச்சவியர் முதலான குலத்தார் வைசாலியில் அவை கூடி ஆண்டனர். படைவலியிலும் அவர்கள் குறைந்தவரல்லர். கங்கைத் துறையொன்றில் கிடைத்த அரும்பொருளை அவர்கள் முந்திக் கவர்ந்து சென்றதே பகைக்கு வித்தென உரைநூல்கள் கூறும்.

உடனே படையெடுக்க மன்னன் துணியவில்லை. முன்னர்க் கோசல மன்னன் பசேனதியோடு பொருது, முதலில் வென்று, பின்னர் உயிரோடு பிடிபட்டு, அம்மன்னனின் இரக்கத்தால் மீண்டவன் அவன். ஆகவே, அமைச்சன் வஸ்ஸகாரனைக் கழுகுக் குன்றில் எழுந்தருளியிருந்த பகவன் புத்தரிடம் கருத்தறிய அனுப்பினான்.

பகவன் படையின் அளவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விசிறிக்கொண்டு நின்ற ஆனந்தரிடம் வஜ்ஜியரின் ஒழுகலாற்றை ஒவ்வொன்றாக வினவினார். அடிக்கடி கூடுதல், ஒருமித்துக் கூடி ஒருமித்துக் கலைதல், பழைய நீதியை மீறாமை, முதியோர் சொல் கேட்டல், பெண்டிரை வலிந்து கவராமை, சேதியங்களைப் போற்றல், அருகதரைக் காத்தல் என்னும் 7 நெறிகளும் நிலைக்குமளவும் அவர்களுக்குத் தேய்வில்லை என்றருளினார்.

போரைத் தவிர்த்திருக்க வேண்டிய அவ்வறவுரையை அமைச்சன் ஆயுதமாக்கினான். போரால் வெல்லலாகாது, பிளவினால் வெல்லலாம் என்று கணித்தான். கங்கைக் கரையில் பாடலிகிராமத்துக் கோட்டை எழும்பியது. அமைச்சனோ மன்னனால் துரத்தப்பட்டவன்போல் நடித்து வைசாலியில் அடைக்கலம் புகுந்தான். ஒருவனைத் தனியே அழைத்து, உழவர் வயலை உழுகின்றனரா என்பதுபோன்ற வெறும் பேச்சைக் காதில் கேட்பான். உண்மையைச் சொன்னாலும் மற்றவர் நம்பார். இவ்வாறு 3 ஆண்டுகளில் இரு லிச்சவியர் ஒரு வழியே நடவாத நிலை வந்தது. போர்முரசு அறைந்தபோது ஒருவரும் கூடவில்லை. திறந்த வாயில் வழியே அஜாதசத்துரு நுழைந்தான்.

இராஜகிருகத்தில் முதற் சங்காயனம் நடைபெற அவனே துணைநின்றான். எனினும் தந்தையைக் கொன்ற அவனைத் தன் மகன் உதயபத்திரனே கொன்றான் என்று மகாவம்சம் கூறும்.

அன்பர்களே! வஸ்ஸகாரன் விடைபெற்ற பின், பகவன் பிக்குகளை ஒருங்கு கூட்டி, தேய்வைத் தடுக்கும் 7 நெறிகளைச் சங்கத்திற்கும் வகுத்தருளினார். வைசாலியின் மதிலை எவரும் இடிக்கவில்லை. காதில் ஓதிய பேச்சே அதனை வீழ்த்தியது. நம் சங்கக் கூட்டத்திற்கு அழைப்பு வருங்கால், வராதவர் யாரென எண்ணுமுன் நாம் வந்தோமா என எண்ணுவோமாக.