தோட்ட மருத்துவமனையிலிருந்து கங்கைக் கரைக்கு

திருநெல்வேலிச் சீமையில், கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற பத்தமடையில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அவதரித்தவர் சுவாமி சிவானந்தர். வெங்கு ஐயரும் பார்வதி அம்மாளும் இட்ட பெயர் குப்புசாமி. அப்பய்ய தீட்சிதரின் மரபில் வந்த குடும்பம். தஞ்சையில் மருத்துவம் பயின்ற அவர், 1909இல் திருச்சியில் மருத்துவ இதழொன்றைத் தொடங்கி நடத்தினார்.

1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். ஆசாரம் மிகுந்தவராதலால் கப்பல் உணவைத் தொடாமல், தாயார் கொடுத்தனுப்பிய இனிப்புப் பண்டங்களை உண்டே கடலைக் கடந்தார். கரையிறங்கியபோது உடல் மிகத் தளர்ந்திருந்தது. சிரம்பான் வட்டாரத்து ரப்பர் தோட்ட மருத்துவமனையில் பணி கிட்டியது. பின்னர் ஜொகூர் பாருவில் பணியாற்றினார். பால்மரம் சீவிய தமிழர்களைக் காய்ச்சலும் கழிச்சலும் வாட்டிய காலம் அது. ஏழை நோயாளிகளிடம் கட்டணம் பெறாததோடு, பலருக்குத் தம் கைப்பணத்தையும் கொடுத்தார். நல்ல வருவாய், வீடு, மதிப்பு எல்லாம் இருந்தன. தம்மிடம் சிகிச்சை பெற்ற சாது ஒருவர் அளித்த வேதாந்த நூல் அவருடைய மனத்தைத் திருப்பியது. 1923இல் அனைத்தையும் துறந்து தாயகம் திரும்பினார். சென்னையில் நண்பர் வீட்டில் பொருள்களை இறக்கிவிட்டு, வெறுங்கையுடன் வடக்கு நோக்கிப் புறப்பட்டார்.

காட்டுக்குச் சென்றால் கனியும் கிழங்கும் தாமே கிடைக்கும் என்பது கதை கேட்டவர்களின் நினைப்பு. உண்மை வேறு. மகாராஷ்டிரத்துத் தலஜ் என்னும் சிற்றூரில், தபால் அதிகாரி ஒருவரின் வீட்டில் சமையல் வேலை செய்து சில மாதம் தங்கினார் இந்த டாக்டர். ரிஷிகேசத்துக்கு வழி காட்டியவரும் அந்த அதிகாரிதாம். 1924 ஜூன் 1ஆம் நாள் சுவாமி விஸ்வானந்த சரஸ்வதியிடம் சந்நியாசம் பெற்றார்.

சுவர்க்காசிரமத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு குடில். உணவு, காளி கம்பளிவாலா அன்னசத்திரம் வழங்கிய ரொட்டி. நாள்தோறும் பிச்சைக்குச் செல்லும் நேரம் தவத்துக்கு இடையூறாகும் என்று, சில நாளுக்குரிய ரொட்டியைச் சேர்த்து வைத்து, காய்ந்ததைக் கங்கை நீரில் ஊறவைத்து உண்டார். குளிர்கால விடியலில் இடுப்பளவு நீரில் நின்று ஜபம் செய்தார். எல்லாம் துறந்த துறவிக்கும் எங்கோ ஒரு வணிகர் அளிக்கும் கோதுமை தேவைப்பட்டது என்பதை அன்னதானம் செய்வோர் நினைத்துப் பார்க்கலாம்.

தனிமையிலும் மருத்துவர் மறையவில்லை. காட்டில் சாதுக்கள் காய்ச்சலாலும் காலராவாலும் பராமரிப்பாரின்றிக் கிடப்பதைக் கண்டார். மருந்துக்குப் பணம் வேண்டுமே! பூர்வாசிரமத்தில் செலுத்தி வந்த ஆயுள் காப்புறுதித் தொகை கைக்கு வர, அதைக் கொண்டு 1927இல் லட்சுமண் ஜூலா அருகே இலவச மருந்தகம் திறந்தார். பத்ரிநாத் செல்லும் யாத்திரிகர்களும் அங்கே மருந்து பெற்றனர். இரவில் நோயாளியின் நினைவு வந்தால் குடிலில் படுத்திருக்கமாட்டார். மருந்தை எடுத்துக்கொண்டு தேடிச் செல்வார்.

1934இல் அக்கரைக்குப் பெயர்ந்து, கைவிடப்பட்ட மாட்டுக் கொட்டகையைத் துப்புரவு செய்து அதிலேயே குடியேறினார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் அங்கே பிறந்தது. 1963 ஜூலை 14ஆம் நாள் கங்கைக் கரையிலேயே மகாசமாதி அடைந்தார். அவர் பத்தாண்டு உழைத்த மலாயாவில், சீடர் சுவாமி பிரணவானந்தரின் முயற்சியால் பத்துமலை வட்டாரத்தில் சிவானந்தாசிரமம் எழுந்தது.